ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பழைய ப்ளைட் ஸ்டிக்: மூணு வாரம் ஆடிட்டு எழுதுறேன்

ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் ஜாய்ஸ்டிக் இருக்கான்னு கேட்டுப் பாருங்க, எந்தக் கடையிலயும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, ரெண்டு கையாலயும் புடிக்கிற கேம்பேட எடுத்து முன்னாடி வெப்பாங்க. அவங்க மேல தப்பில்ல, டிவில சொருகி மரியோ ஆடின காலத்துலேர்ந்து நம்ம ஊர்ல அதுக்குப் பேரே ஜாய்ஸ்டிக் தான். நான் தேடினது நெஜ ஸ்டிக்கு. மேசை மேல நிக்கும், ஒரு கையால புடிச்சு சாய்க்கணும், திருகினா கேம்ல விண்கப்பலோட மூக்கு திரும்பும், அந்த மாதிரி. அரசினர் தோட்டம் மெட்ரோல எறங்கி வெயில்ல ஒன்றரை மணி நேரம் கடை கடையா ஏறி எறங்கினேன், ஒரு கடைல ஒருத்தரு "ப்ளைட்டு ஓட்ட கத்துக்கிறீங்களா சார்"னு சீரியஸாவே கேட்டாரு.

கடைசில மாடிப்படிக்கு கீழ இருக்கற ஒரு செகண்ட் ஹேண்ட் கடை. போர்டு கூட சரியா இல்ல, பழைய எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, ஒயர் மூட்டை இதுக்கு நடுவுல ஒரு பாய் உக்காந்திருந்தாரு. கைய வெச்சு ஆட்டிக் காட்டினேன், உடனே புரிஞ்சிக்கிட்டு பின்னாடி அட்டைப் பெட்டிலேர்ந்து எடுத்தாரு. 2500 சொன்னாரு, 1800க்கு முடிஞ்சுது. இது எப்படி பாய் உங்ககிட்டன்னு கேட்டா, லாக்டவுன்ல ப்ளைட் சிமுலேட்டர் ஆடறதுக்குன்னு வாங்கினவங்க இப்ப ஒவ்வொருத்தரா கொண்டாந்து போடறாங்கன்னாரு. யோசிச்சா சரிதான், மைக்ரோசாப்ட் ப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்ட்ல வந்தப்போ உலகம் பூரா ஸ்டிக்கு கிடைக்காம அலைஞ்சாங்க. கடைக்கு என் மார்க் நல்லாவே உண்டு, ஏன்னா லேப்டாப்ப தொறந்து சொருகி டெஸ்ட் பண்றேன்னு சொன்னதும் மூஞ்ச சுளிக்கல, ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாரு, டீயும் வந்துச்சு. வாரண்டின்னு ஒண்ணும் கிடையாது, "ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க தம்பி பாத்துக்கலாம்"ங்கற வாய் வார்த்தை தான்.

இப்ப ஸ்டிக்கு. பிராண்டு சொல்ல வேணாம், பழசுல இருக்கற கோளாறுக்கு கம்பெனிய திட்டறது நியாயமில்ல. 12 பட்டன், மேல கட்டை விரலுக்கு 8 பக்கம் தள்ளற ஹேட் ஸ்விட்ச்சு, கீழ வேகத்த கூட்டிக் குறைக்க குட்டியா ஒரு த்ராட்டில். முன்ன பின்ன, பக்கவாட்டு ரெண்டும் நல்லா இருக்கு. திருகற அச்சு தான் பிரச்சனை, கைய எடுத்தாலும் கப்பல் தானா இடது பக்கம் மெதுவா சுத்துது. உள்ள இருக்கறது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோல வால்யூம் திருகினா கரகரன்னு வருமே அதே ஜாதி பார்ட்டு, தேய்ஞ்சா இல்ல தூசி சேந்தா சிக்னல் குதிக்கும். அடில ஸ்க்ரூ கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நாலஞ்சு தடவ இப்படி அப்படி திருகினதுல முக்கால்வாசி சரியாச்சு, மிச்சத்துக்கு கேம்ல டெட்ஸோன், அதாவது ஸ்டிக்கு நடுவுல லேசா ஆடினா கேம் கண்டுக்காத அளவு, அத கொஞ்சம் ஏத்திக்கிட்டேன். புதுசு வாங்கறவங்க காசு இருந்தா ஹால் எஃபெக்ட் சென்சார் வெச்சதா பாத்து வாங்குங்க, அது காந்தத்த வெச்சு வேலை செய்யுது, உரசல் இல்ல, தேயாது.

எதுக்கு இந்த வயசுல இவ்ளோ பாடுன்னா, ஸ்பேஸ் காம்பேட் சிம், அதாவது காக்பிட்ல உக்காந்து விண்கப்பல் ஓட்டி சண்டை போடற கேம், அத திரும்ப ஆடணும். 98, 99ல நங்கநல்லூர்ல என் பெரியம்மா பையன் வீட்ல பென்டியம் 2, சவுண்டு கார்டுக்குப் பின்னாடி 15 பின் கேம் போர்ட்டு, அதுல சொருகின ஒரு மொக்கை ஸ்டிக்கு. நாங்க நாலு பேரு, ஒருத்தன் செத்தா அடுத்தவன். பர்மா பஜார்ல விங் கமாண்டர் 3 வாங்கினோம், 4 சிடி, அதுல மூணாவது சிடி கடைசி வரைக்கும் ரீட் ஆகல, அதனால கதை எப்படி முடிஞ்சுதுன்னே எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது.

அந்த வகை கேம் ஏன் செத்துச்சுன்னா எல்லாரும் ஒரே கதை தான் சொல்வாங்க, 1999ல ஃப்ரீஸ்பேஸ் 2 வந்துச்சு, விமர்சகர்கள் தலைல தூக்கி வெச்சு ஆடினாங்க, கடைல விக்கல, அத்தோட கம்பெனிங்க பயந்துட்டாங்கன்னு. பொய் இல்ல. செலவும் ஏறிக்கிட்டே போச்சு, 1996ல வந்த விங் கமாண்டர் 4க்கு சினிமா செட்டு நடிகருங்கன்னு 1 கோடியே 20 லட்சம் டாலர் போல ஆச்சுன்னு சொல்வாங்க. ஆனா இந்த ஸ்டிக்க மூணு வாரம் புடிச்சதுக்கு அப்புறம் எனக்கு தோணறது வேற. மேசை மேலேர்ந்து ஸ்டிக்கு போச்சு, அதனால கேம் போச்சு. ஷூட்டிங் கேம், ஸ்ட்ராட்டஜி கேம் எல்லாம் மவுஸு கீபோர்டுலயே பிரமாதமா ஓடிச்சு, பிசி வாங்கும்போதே அது கூட வருது, தனியா காசு குடுத்து ஒரு குச்சி எதுக்குன்னு ஜனங்க விட்டுட்டாங்க. 1999ல வந்த எக்ஸ்-விங் அலையன்ஸ் ஜாய்ஸ்டிக் இல்லாம ஆடவே விடாது, நாலே வருஷம் கழிச்சு 2003ல வந்த ஃப்ரீலான்சர்ல ஜாய்ஸ்டிக் சப்போர்ட்டே இல்ல, முழுக்க மவுஸு. இதுல கொடுமை என்னன்னா ஃப்ரீலான்சர ஆரம்பிச்சது 1990ல முதல் விங் கமாண்டர் பண்ண அதே கிறிஸ் ராபர்ட்ஸ், நடுவுல கம்பெனிய மைக்ரோசாப்ட்டுக்கு வித்துட்டு அவரு கிளம்பிட்டாரு. நல்ல கேம் தான், நான் குறை சொல்லல, ஆனா மவுஸ்ல சுட்டது எனக்கு கப்பல் ஓட்டின மாதிரி இல்ல, பறக்கற ஒரு பொம்மைய பின்னாடிலேர்ந்து கை காட்டி அனுப்பின மாதிரி இருந்துச்சு.

சரி ஸ்டிக்குல ஆடினதப் பத்தி. முதல்ல டை ஃபைட்டர், 1994ல வந்த ஸ்டார் வார்ஸ் கேம், பழைய கேம் விக்கற ஜிஓஜி சைட்ல கிடைக்குது. இன்னிக்கு பாத்தா கிராஃபிக்ஸ் சும்மா முக்கோணம் சதுரம் தான், என் பையன் எட்டிப் பாத்துட்டு "இதுக்கா அப்பா ரிச்சி ஸ்ட்ரீட் போனீங்க"ன்னான். ஆனா உள்ள போயிட்டா வேற உலகம், நீங்க வில்லன் பக்கம், பேரரசுக்காக பறக்கறீங்க, ஆரம்பத்துல குடுக்கற கப்பலுக்கு அடி தாங்கற ஷீல்டே கிடையாது, ரெண்டு அடி விழுந்தா முடிஞ்சுது. அப்புறம் ஷீல்டு இருக்கற கப்பல் வந்ததும் இன்னொரு தலைவலி, லேசருக்கு எவ்ளோ பவர், ஷீல்டுக்கு எவ்ளோ, மிச்சம் தான் எஞ்சினுக்கு. கரண்டு கட்டுல இன்வெர்ட்டர வெச்சிக்கிட்டு ஃபேன் ஓட்டறதா டிவி ஓட்டறதான்னு வீட்ல சண்டை வருமே அதே தான், ஆனா பின்னாடி ரெண்டு பேர் சுட்டுக்கிட்டு வராங்க. வலது கை ஸ்டிக்கு, இடது கை கீபோர்டுல பவர மாத்துது, கண்ணு ரேடார்ல. மெயின் வேலை தவிர ரகசிய வேலை வேற உண்டு, முடிச்சா கைல பச்சை குத்துவாங்க. கேம்பேட்ல இதயே ட்ரை பண்ணேன், கட்டை விரல் போற தூரம் அரை இஞ்சு, அதுல சின்னதா திருத்தி குறி வெக்கவே முடியல. ஸ்டிக்குல மணிக்கட்டு மொத்தமா சாயுது, பத்து நிமிஷத்துல எதிரி எங்க திரும்புவான்னு கை முன்னாடியே போயிடுது.

அடுத்தது ஃப்ரீஸ்பேஸ் 2, இதுக்குத் தான் இந்த மொத்த செலவும். 2002ல இதோட சோர்ஸ் கோட, அதாவது கேம எழுதின ப்ரோக்ராம, வெளிய விட்டாங்க, அன்னிலேர்ந்து ரசிகருங்களே ஃப்ரீஸ்பேஸ் ஓப்பன்னு எடுத்து நடத்தறாங்க, இப்ப ஆடினா பழைய கேமுன்னே சொல்ல மாட்டீங்க, அவ்ளோ மெருகு. சத்தானஸ்னு ஒரு ராட்சச கப்பல் வரும், அதோட முன் பக்க பீம் பீரங்கிங்கள நாம சின்ன கப்பல்ல போய் ஒண்ணொண்ணா ஒடைக்கணும், அப்பத்தான் நம்ம பெரிய கப்பல் கொலோசஸ் அதோட மோத முடியும். கண்ணாடி பூரா அந்த கப்பலோட உடம்பு தான் தெரியும், பக்கத்துல போகப் போக முடியவே மாட்டேங்குது, தஞ்சாவூர் கோபுரத்த கீழ நின்னு அண்ணாந்து பாத்த மாதிரி. அத கஷ்டப்பட்டு அழிச்சுட்டு கொண்டாடலாம்னு பாத்தா, அது மாதிரி இன்னும் நிறைய இருக்குன்னு கதை சொல்லுது. நைட்டு பன்னெண்டரைக்கு ஹெட்போன கழட்டி வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். நெபுலா மிஷன் இன்னும் மோசம், சுத்தி புகை, ரேடார் விட்டு விட்டு வேலை செய்யுது, எதுவும் வராமலே பயம். கதை தொங்கல்ல தான் நிக்கும், மூணாம் பாகம் வராது, பண்ண வாலிஷன் கம்பெனிய 2000ல டிஹெச்க்யூங்கற கேம் கம்பெனி வாங்கிடுச்சு, கேமோட உரிமை இன்டர்ப்ளேங்கற இன்னொரு கம்பெனி கிட்ட மாட்டிக்கிச்சு, வாலிஷனயே 2023ல மூடிட்டாங்க.

ஸ்டார் வார்ஸ் ஸ்குவாட்ரன்ஸ் (2020) கொஞ்ச நேரம் தான் ஆடினேன். பாக்க அட்டகாசம், காக்பிட்டுக்கு வெளிய கேமராவே கிடையாது, அந்த பவர் பிரிக்கற கணக்கும் அப்படியே இருக்கு, பெரிய கம்பெனி இந்த மாதிரி ஒண்ணு பண்ணதே ஆச்சரியம். கதை சின்னது. ஆன்லைன்ல அஞ்சுக்கு அஞ்சு சண்டை, நம்ம நேரத்துக்கு ஆள் சேரறதுக்குள்ள தூக்கம் வந்துடுது.

இன்னும் இந்த மாதிரி கேம் வருதேன்னு சிலர் கேப்பாங்க, எலீட் டேஞ்சரஸ் 2014லேர்ந்து ஓடுது, எக்ஸ்4 இருக்குன்னு. இருக்கு, ரெண்டும் பெரிய கேம் தான். ஆனா எனக்கு அதுல பாதி நேரம் லோடு ஏத்தி எறக்கறதுலயே போகுது, கோயம்பேட்டுக்கு வெங்காய லாரி ஓட்டற மாதிரி, சண்டை வழில வந்தா உண்டு. மிஷன் சொல்லி, பறந்து, கூட வந்தவன் செத்து, திரும்பி வந்து அதப் பத்தி பேசற அந்த பழைய வகை தான் ஆளில்லாம போச்சு. முதல் விங் கமாண்டர்ல கூட்டாளி செத்தா இறுதி சடங்கே காட்டுவாங்க, மிஷன் தோத்தாலும் கேம் நிக்காது, கதை தோக்கற பக்கமா நகரும். அதே ராபர்ட்ஸ் 2012ல ஜனங்க கிட்ட காசு வசூல் பண்ணி ஸ்டார் சிட்டிசன் ஆரம்பிச்சாரு, அதோட கதை பாகத்துல விங் கமாண்டர் 3ல நடிச்ச மார்க் ஹாமிலே திரும்ப இருக்காரு. காத்திருக்கறவங்க காத்திருக்கட்டும், எனக்கு பொறுமை இல்ல, 1800 ரூபாய்க்கு வேலை முடிஞ்சுது.

மூணு வாரத்துல குறைன்னா, அடில எடை பத்தல, சூடான சண்டைல ஸ்டிக்கு மேசைய விட்டு தூக்கிக்கிட்டு வருது, நான் ரெட்டை பக்க டேப்பு ஒட்டிட்டேன். த்ராட்டில் குட்டி, பாதி வேகத்துல நிறுத்தறது குத்துமதிப்பு தான். இடது கை பழக்கம் உள்ளவங்க இத தொடாதீங்க, கைப்பிடி வலது கைக்குன்னு வார்த்தது. அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், கடைக்கு நாலரை.

முந்தாநேத்து பாய் போன் பண்ணாரு, இன்னொண்ணு வந்திருக்காம், த்ராட்டில் மட்டும் ஒடஞ்சிருக்கு, 1200க்கு தரேங்கறாரு. எனக்கு ஒண்ணு போதும். யாருக்கு வேணுமோ மீரான் சாகிப் தெரு பக்கம் போய் மாடிப்படிக்கு கீழ தேடுங்க, லேப்டாப்ப கைல எடுத்துட்டுப் போங்க, பாய் இல்லாம பையன் இருந்தா கேம்பேட தான் எடுத்து நீட்டுவான், "இது இல்ல தம்பி, ப்ளைட்டு ஓட்டறது"ன்னு கைய ஆட்டிக் காட்டுங்க.