நித்திரையில் போவதா, நாலு கிழமை கிடந்து போவதா?

மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும், "பாயில் கிடக்காம நித்திரையிலேயே கண்ணை மூடிடணும்" என்பார்கள். போகிறவருக்கு அது சுகம்தான்: இதயம் சட்டென்று நின்றால் சில நொடிகளில் நினைவு போய்விடும். வில்லங்கம் வீட்டாருக்கு. காரணம் தெரியாத திடீர் மரணமென்றால் மரண விசாரணை அதிகாரி வரவேண்டும். சிலவேளை பிரேத பரிசோதனையும் நடக்கும். அதுவரை பெட்டியும் பந்தலும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். நோய் விபரம் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். காணி உறுதி இருக்கும் இடத்தையும் சொல்லி வையுங்கள்.

கிடந்து போவது பேச்சில்தான் பயங்கரம். டொக்டர் எழுதிய மோர்ஃபின் பாணியை வலி வரும்வரை காத்திராமல் 4 மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொடுத்தால் பெரும்பாலும் வலி அடங்கும். கூடவே மலச்சிக்கல் வரும், மலமிளக்கியையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும். இடுப்பின் பின்பக்கமும் குதிக்காலும்தான் முதலில் சிவக்கும். கடைசி நாட்களில் பசி தானாகவே போய்விடும். பாசத்தில் கஞ்சி பருக்கினால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும். முழித்திருந்து ஆசையாகக் கேட்டால் எருமைத் தயிர் ஒரு தேக்கரண்டி.

கட்டாரில் இருக்கும் மகன் வந்து சேரவும், தங்கச்சியோடு பழைய கோபம் தீரவும் இதில்தான் நேரம் கிடைக்கும். பார்க்க ஆள் இருந்தால், எங்கள் வாக்கு இதற்கே.