காது மெஷினும் முந்நூற்று நாலும்: மூன்று வருடம் பாவித்த பிறகு

தேங்காய் வாங்கிவரச் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்றுதான் மனைவி நினைத்தார். அதற்கு முதல் கிழமை கரண்ட் பில் கட்டச் சொன்னதும் அப்படியே போயிருந்தது. அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் என் அம்மாவின் கதை ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா கடைசி ஐந்து வருடமும் என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அந்த ஐந்து வருடமும் அம்மாவைப் பார்த்தது என் மனைவிதான். பயப்படாமல் என்ன செய்வார்?

தேங்காய் விஷயத்தில் நடந்தது இதுதான். அவர் குசினிக்குள் இருந்து சொன்னார். படலையடியில் சைக்கிளோடு நின்ற எனக்கு ‘காய்’ மட்டும் வந்து விழுந்தது. நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். மறந்தவன் வெறுங்கையோடு வந்திருப்பான். இதை விளங்கிக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

எனக்கு 69 வயது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 2022 கார்த்திகையில் காது மெஷின் போட்டேன். நான்கு மாதம் அது லாச்சிக்குள் கிடந்தது, அந்தக் கதை பிறகு வரும். வாங்க யோசிப்பவர்களுக்கும், ‘இந்த வயதில் இது எதுக்கு’ என்று தள்ளிப்போடுபவர்களுக்கும் என் அனுபவம் உதவலாம்.

காது குறைகிறதென்று முதலில் காட்டிக்கொடுத்தது சீட்டுத்தான். எங்கள் வாசிகசாலைத் திண்ணையில் ஞாயிறு பின்னேரம் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். தெரியாத இளசுகளுக்காகச் சொல்கிறேன்: வீறுக்கு (ஜாக்) 30, மணலுக்கு (ஒன்பது) 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. கையில் நாலு சீட்டு வந்ததும் கேள்வி கேட்க வேண்டும், அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று முன்னவர் சொன்னதைவிடக் கூட்டி ஏலம் சொல்ல வேண்டும். எந்தச் சீட்டு விழுந்தது, யார் துரும்பு (மற்றச் சாதிகளை வெல்லும் சீட்டு) போட்டு வெட்டினார் என்று தலைக்குள் கணக்கு ஓட வேண்டும். மூளைக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?

ஒரு நாள் எதிராளி ‘நூற்றெழுவது’ என்றார். எனக்கு ‘நூற்றறுவது’ என்று விழுந்தது. நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ‘நூற்றெழுவது’ என்றேன். திண்ணையே சிரித்தது. ‘அண்ணைக்கு இண்டைக்கு நித்திரை காணாது’ என்றார்கள். இரண்டாம் முறையும் சிரித்தார்கள். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை, அதுதான் சுட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. ஆறு மாதம் நொந்தது. வீட்டில் கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பேன், யாரோடும் கதைப்பதில்லை. கனடாவில் இருக்கும் பேரன் வீடியோவில் வந்தால் ‘அப்பப்பாவுக்குச் சுகம்’ என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் நீட்டிவிடுவேன்.

செவிப் பரிசோதனையில் தாளை விரித்துக் காட்டினார்கள். கோடு இடது பக்கம் மேலே நின்று, வலப்பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கியது. தடித்த ஓசைகள் கேட்கின்றன, மெல்லிய கூர்மையான ஓசைகள் கேட்கவில்லை. வயதோடு வரும் செவிக்குறைவு பெரும்பாலும் இப்படித்தான். ஆக்கள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார்கள் என்பது விளங்காது. அதனால்தான் ‘எனக்கு நல்லாக் கேக்குது, நீங்கள்தான் முணுமுணுக்கிறியள்’ என்று எல்லாக் கிழவர்களும் சண்டை பிடிக்கிறார்கள். நானும் பிடித்தேன்.

விலை விசாரித்தது 2022 மாசியில். அப்போது டொலர் 200 ரூபா அளவில் நின்றது. யோசிப்போம் என்று வந்தேன். சித்திரை, வைகாசிக்குள் அது 360 ரூபாவைத் தொட்டது, மெஷின் விலையும் கூடவே ஏறியது. என் யோசனைக்கு நான் கொடுத்த விலை அது. கடைசியில் ஒரு காதுக்கு மட்டும் வாங்கினேன். விற்றவர் ‘ஐயா, இதைப் போட்டால் மறதி வருத்தமே வராது’ என்றார். அந்தப் பேச்சை அப்போதே நம்பியிருக்கக் கூடாது.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் பேப்பரைத் திருப்பினேன். தகரக்கூரையில் மழை விழுந்த மாதிரி இருந்தது. கோப்பையில் கரண்டி பட்டால் நெஞ்சு திடுக்கிடும். ஒழுங்கையால் ஓட்டோ போனால் தலைக்குள்ளாலே போகும். ஒரு நல்ல விஷயமும் நடந்தது. இரவு சுவரில் பல்லி சொன்னது. ஆறேழு வருடமாக எங்கள் வீட்டில் பல்லியே இல்லையென்று நினைத்திருந்தேன். மனைவி, ‘அது ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, உங்களுக்குத்தான் சகுனம் ஒண்டும் தெரியாமல் போச்சு’ என்றார்.

ஆனாலும் இரண்டு கிழமைக்கு மேல் தாங்க முடியவில்லை. கழற்றி லாச்சிக்குள் போட்டேன். யாராவது வந்தால் மட்டும் எடுத்துப் போடுவேன். நான்கு மாதம் கழித்து மகள் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேறொரு இடத்தில் காட்டினாள். அங்கிருந்த பிள்ளை மெஷினைக் கணினியில் கொழுவிப் பார்த்துவிட்டு, ‘ஐயா, நாளுக்கு ஒரு மணித்தியாலம்கூடப் போடேல்லையே’ என்றாள். இந்தச் சாமான் எவ்வளவு நேரம் காதில் இருந்தது என்று கணக்கு வைக்கிறதாம்! கணக்கெழுதின எனக்கே கணக்குக் காட்டிவிட்டது. அவள் சத்தத்தை முதலில் குறைத்து, பிறகு மூன்று வரவில் மெல்ல மெல்லக் கூட்டினாள். வீட்டுக்குள் காலையில் இரண்டு மணித்தியாலம், பிறகு நாலு, பிறகு நாள் முழுக்க என்று பழக்கச் சொன்னாள். இதை முதல் விற்றவர் சொல்லித் தந்திருந்தால் நான்கு மாதம் மிச்சம். எட்டாம் மாதம் மற்றக் காதுக்கும் வாங்கினேன். இரண்டும் இருந்தால்தான் சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பிடிபடுகிறது. சைக்கிள்காரனுக்கு அது முக்கியம்.

பாவனைச் சங்கதிகள் சில. என்னுடையது 312 இலக்கப் பற்றரி, மண்ணிற ஒட்டுத்தாள் உள்ளது. தாளை உரித்தவுடன் உள்ளே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்தால் நல்லது, காற்றில்தான் அது உயிர் பெறுகிறது. எனக்கு ஆறேழு நாள் வரும். சித்திரை, வைகாசி வெயிலில் வேர்வைதான் எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பேணிக்குள் வைக்கிறேன். ஒருமுறை ‘மெஷின் செத்துப்போச்சு’ என்று ஓடிப்போனேன், காதுக்குறும்பிதான் அடைத்திருந்தது. நல்லூர்த் திருவிழாவில் தவில் நாதஸ்வரத்துக்குக் கிட்ட நின்றால் வாத்தியம் உடைந்து கேட்கும். அந்த நேரம் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். கலியாண மண்டபத்தில் இன்னமும் பாதிதான் விளங்குகிறது. அதற்கு மருந்தில்லை.

சரி, மூளைக்கு? லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2024இல் மறதிநோய்க்கு இட்டுச்செல்லும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அந்த 14ஐயும் முழுதாகக் கையாள முடிந்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. செவிக்குறைவும் கெட்ட கொழுப்பும் அதில் முன்னுக்கு நிற்கின்றன. ஆனால் 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மெஷின் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் நினைவாற்றல், சிந்தனைத் திறன் சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பகுதியினரிடம் மட்டும் சரிவு 48 வீதம் குறைந்திருந்தது. ஆக, விற்றவர் தந்த உறுதிமொழியை எந்த ஆய்வும் தரவில்லை. என் அம்மாவின் கதையை நினைத்து, நான் ஆபத்து அதிகமான கூட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டேன்.

அந்த 14இல் மற்றவற்றையும் எனக்கு நானே சரிபார்த்தேன். உடற்பயிற்சியைப் பெற்றோல் வரிசை பழக்கிவிட்டது. 2022இல் யாழ்ப்பாணமே சைக்கிளுக்கு மாறியபோது நானும் பழைய சைக்கிளைத் துடைத்தெடுத்தேன். பெற்றோல் வந்த பிறகும் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அதில்தான். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், கண்ணில் வெள்ளை படர்ந்ததை வெட்டியாயிற்று. வல்லாரைச் சம்பல் வாரத்தில் இரண்டு தரம். ஞாபகத்துக்கு நல்லதென்று பக்கத்து வீட்டு அக்கா கட்டுக்கட்டாகத் தருகிறார். நான் ருசிக்குத்தான் சாப்பிடுகிறேன், அவருக்குச் சொல்லவில்லை.

என்னிடம் யாரும் நினைவுப் பரிசோதனை செய்து பார்க்கவில்லை. அதனால் மூளை கூர்மையாகிவிட்டது என்று எழுத மாட்டேன். பெயர்கள் இப்போதும் நாக்கு நுனியில் நின்று மல்லுக்கட்டும். ஆனால் முழங்கால் நோ மாறிவிட்டது. பேரனோடு போனில் அரை மணித்தியாலம் கதைக்கிறேன், பாதி நேரம் அவன் தமிழைத் திருத்துவதில் போகிறது. வீட்டில் ‘மறந்திட்டியளோ’ என்ற கேள்விக்குப் பதிலாக ‘மெஷின் காதில இருக்கோ’ என்று கேட்கிறார்கள்.

போன ஞாயிறு திண்ணையில் என் கையில் வீறும் மணலும் சேர்ந்து வந்தன. ‘நூற்றெழுவது’ என்றேன். எதிரே இருந்த கூட்டாளி, என்னைவிட இரண்டு வயது இளையவர், கையைக் காதுக்குப் பின்னால் வைத்து ‘அறுவதோ?’ என்றார். நான் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரையே பார்த்தேன்.

‘என்ன பாக்கிறியள் அண்ணை, துரும்பை வையுங்கோ’ என்றார்.