உகாண்டாவா, ருவாண்டாவா? மலைக் கொரில்லாவைப் பார்க்க எங்கே போகலாம்

மலைக் கொரில்லாக்கள் வாழும் நாடுகள் உலகத்திலேயே மூன்றுதான். அவற்றில் காங்கோவின் விருங்கா பூங்கா இருக்கும் பகுதியில் சண்டை ஓயவில்லை, இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். மீதி இருப்பவற்றில் முக்கியமானவை உகாண்டாவின் ப்விண்டி காடும் ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவும். நான் இரண்டுக்கும் போயிருக்கிறேன். எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், முழங்கால் நன்றாக இருந்தால் ப்விண்டிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

விதிகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், பார்த்த பிறகு ஒரு மணி நேரம். 15 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, இருமல் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். நமக்கு மூன்று நாளில் போகிற சளி, தொற்றிக்கொண்டால் ஒரு கொரில்லாவின் உயிரையே எடுத்துவிடலாம்.

பணத்தில்தான் பெரிய வித்தியாசம். ருவாண்டா 2017இல் பெர்மிட் கட்டணத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கி 1,500 டாலர் ஆக்கியது. உகாண்டாவில் 800 டாலர். இரண்டு பேர் போனால் பெர்மிட்டில் மட்டுமே 1,400 டாலர் மிச்சம். ருவாண்டாவின் கட்டணத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால் ப்விண்டியின் தெற்கே ருஷாகாவில், மனிதர்களுக்கு இன்னும் முழுசாகப் பழகாத ஒரு குடும்பத்தோடு நான்கு மணி நேரம் வரை இருக்கலாம்.

பயணம் என்று பார்த்தால் ருவாண்டாதான் சுலபம். தலைநகர் கிகாலியில் இறங்கினால் நல்ல சாலையில் இரண்டரை மணி நேரத்தில் பூங்கா அலுவலகம் வந்துவிடும். உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்தில் இறங்கி ப்விண்டி போக ஒரு பகல் முழுவதும் காரில் உட்கார வேண்டும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிகாலியிலேயே இறங்கி, எல்லையைத் தாண்டி ருஷாகாவுக்குப் போய்விடுங்கள், அரை நாளில் முடியும். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும்.

அப்புறம் காடு. ருவாண்டாவில் உருளைக்கிழங்கு வயல்கள் வழியாக நடந்து, காட்டெருமைகள் வராமல் கட்டிய கல் சுவரைத் தாண்டினால் மூங்கில் காடு. வெளிச்சம் உண்டு, படம் நன்றாக வரும். கரிசிம்பி, பிசோகே எரிமலைகளுக்கு நடுவே, கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸி 1967இல் தொடங்கிய ஆய்வு முகாம் இருந்த இடத்துக்கும் ஏறலாம். அவருடைய சமாதி அங்கே, அவர் புதைத்த கொரில்லாக்களின் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்காகவே ருவாண்டா போகிறவர்களைத் தடுக்க மாட்டேன்.

ஆனால் மழைக்காடு என்றால் ப்விண்டிதான். பெயரிலேயே 'நுழைய முடியாத' என்று இருக்கிறது. கால் தரையில் படுவதே குறைவு, பின்னிக் கிடக்கும் கொடிகள் மேல்தான் மிதிக்கிறோம். வழியைக் கைடு கத்தியால் வெட்டிக்கொண்டே போகிறார். சுணை பட்டால் எரிச்சல் தாங்காத செடிகள் நிறைய, அதனால் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். டிராக்கர்கள் விடிகாலையிலேயே போய், முந்தின இரவு கொரில்லாக்கள் இலைகளை மடக்கிப் படுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடித்திருப்பார்கள். வாக்கி டாக்கியில் சேதி வந்ததும் நம் கைடு நிற்கிறார், தொண்டைக்குள்ளிருந்து கனமாக ஒரு உறுமல் விடுகிறார். பயப்படாதே, நாங்கள்தான் என்று அர்த்தம். முதலில் காதில் விழுந்தது தண்டை உரிக்கிற சத்தம். இலைகளை விலக்கினால் முதுகு வெளுத்த பெரிய ஆண், நம்மை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்டை உரிக்கிறது. அதன் தோள் மேல் ஒரு குட்டி ஏறி வழுக்கி விழுந்தது. என் கை நடுங்கி, எடுத்த படம் ஒன்றும் தெளிவாக இல்லை.

2019இல் வெளியான கணக்குப்படி மலைக் கொரில்லாக்கள் 1,063. அதற்கு முந்தின ஆண்டே, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையிலிருந்து ஒரு படி மேலே ஏற்றப்பட்டன. காவலர்களையும் டிராக்கர்களையும் காட்டில் வைத்திருக்க இந்த பெர்மிட் பணம் பெரிய துணை. இரண்டு நாட்டிலும் அதில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது.

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்களா, நாள் குறைவா? சரி, ருவாண்டா. கிளம்பும் முன் பக்கத்தில் இருக்கும் கொரில்லாக் குடும்பம் வேண்டும் என்று கேட்டால் அதற்கேற்பப் பிரித்து அனுப்ப முயற்சி செய்வார்கள். மற்றவர்களுக்கு ப்விண்டி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, கூட்டம் அதிகம், அதனால் பெர்மிட்டைப் பல மாதம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், உகாண்டாவிலிருந்து திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள்.