ஃபேஸ் ஃபீல்டு சிமுலேஷன்: பல வருஷம் ஓட்டினதுல தெரிஞ்சது

அலாய்க்குள்ள (உலோகக் கலவைக்குள்ள) ரெண்டு உலோகம் தனித்தனியா பிரியறத, ஒவ்வொரு இடத்துலயும் எது எவ்வளவு இருக்குங்கறத ஒரு எண்ணா வச்சு கம்ப்யூட்டர்ல பாக்கறதுதான் ஃபேஸ் ஃபீல்டு; அப்படி பாக்கணும்னா கடைசில வந்து நிக்கிறது கான்-ஹில்லியார்டு சமன்பாட்டுலதான், 1958ல வந்தது, இன்னைக்கும் அதுதான் அடிப்படை. நான் ஓட்டறது இரும்பு-குரோமியம். குரோமியம் ஜாஸ்தி இருக்கற ஸ்டீல் 475 டிகிரி செல்சியஸ் பக்கத்துல ரொம்ப நாள் கிடந்தா இரும்பு ஒரு பக்கம் குரோமியம் ஒரு பக்கம்னு நானோமீட்டர் அளவுல பிரிஞ்சு, ஸ்டீலே நொறுங்க ஆரம்பிச்சிடும்.

புதுசா வர்றவங்களுக்கு ஃபைபைங்கற (FiPy) சாஃப்ட்வேர் போதும். அமெரிக்க அரசோட அளவீட்டு, தர ஆராய்ச்சி நிறுவனமான நிஸ்ட் ஆளுங்க எழுதினது, இலவசம், பைத்தான் தெரிஞ்சா சமன்பாட்ட பேப்பர்ல எழுதற மாதிரியே எழுதிடலாம். பெரிய 3டி, நெறைய பிராசஸர் கோர்னா அமெரிக்காவோட ஐடஹோ நேஷனல் லேபோட மூஸ் (MOOSE) சாஃப்ட்வேர், கத்துக்க நேரம் எடுக்கும், ஆனா மெஷ்ஷையும் (இடத்த பிரிக்கற கட்டங்க) டைம் ஸ்டெப்பையும் (ஒரு தடவைக்கு நேரத்துல எவ்வளவு முன்ன போறோங்கறது) அதுவே தேவைக்கேத்த மாதிரி மாத்திக்கும்.

தினசரி வேலைக்கு நான் விடாம வச்சிருக்கறது செமி-இம்ப்ளிசிட் ஃபூரியர் முறை, அதாவது குரோமியம் அளவ அலைங்களா பிரிச்சு, சமன்பாட்டோட ஒரு பகுதிய மட்டும் அடுத்த ஸ்டெப்போட மதிப்புல (இம்ப்ளிசிட்டா) கணக்கு போடறது. ஏன்னா கான்-ஹில்லியார்டு நாலாம் ஆர்டர் சமன்பாடு, எல்லாத்தையும் இப்போதைய மதிப்ப வச்சே போடற சாதா எக்ஸ்ப்ளிசிட் முறைல கிரிட் இடைவெளிய பாதியாக்கினா டைம் ஸ்டெப் பதினாறுல ஒரு பங்கா குறையணும், 2டில பாயிண்டும் நாலு மடங்கு ஆகுதே, ஆக மொத்தம் 64 மடங்கு வேலை, யாரால முடியும்? ஃபூரியர்ல அந்த நாலாம் ஆர்டர் கிரேடியன்ட் டெர்ம இம்ப்ளிசிட்டா எடுத்துட்டா ஒவ்வொரு அலைக்கும் ஒரு வகுத்தல்தான். எல்லைங்க மட்டும் பீரியாடிக்கா இருக்கணும், அதாவது ஒரு பக்கம் வெளிய போனா எதிர் பக்கம் உள்ள வரணும்.

கலர் படம் அழகா வந்துடும், அத நம்பாதீங்க. மொத்த ஃப்ரீ எனர்ஜிய (பிரியறப்போ தானா குறைஞ்சுக்கிட்டே போக வேண்டிய ஆற்றல்) நேரத்தோட வரைஞ்சு பாருங்க. முதல்ல சின்ன நாய்ஸ் அலைங்க செத்து கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், அப்புறம் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மேல வந்ததும் சடார்னு இறங்கும், அதுக்கப்புறம் ரொம்ப மெதுவா தேயும். நடுவுல எங்கயாவது துளி ஏறிச்சுன்னாலும் ஸ்டெப் பெருசுன்னு அர்த்தம். சராசரி காம்போசிஷனும் (குரோமியம் எவ்வளவு பங்குங்கறது) அசையவே கூடாது.

இன்டர்ஃபேஸுக்கு, அதாவது ரெண்டு பகுதியும் சந்திக்கற எல்லைக்கு, குறுக்க நாலஞ்சு கிரிட் பாயிண்டாவது வேணும், இல்லன்னா அது கிரிட்டுலயே மாட்டி நின்னுடும். கோர்சனிங்ல, அதாவது சின்ன பகுதிங்க கரைஞ்சு பெருசுங்க வளர்ற கட்டத்துல, சைஸ் நேரத்தோட கன மூலமாத்தான் வளரும், ரெண்டு மடங்கு சைஸுக்கு எட்டு மடங்கு நேரம், அதனால அவுட்புட்ட லாக் இடைவெளில (1, 10, 100ன்னு) சேவ் பண்ணுங்க, டிஸ்க்காவது மிஞ்சும்.

சொந்தமா புரோகிராம் எழுதறவங்க, ஃபேஸ் ஃபீல்டு சாஃப்ட்வேர்ங்கள ஒப்பிடற வெப்சைட்டான பிஎஃப்ஹப்போட (PFHub) முதல் பெஞ்ச்மார்க்க கண்டிப்பா ஓட்டிப் பாருங்க, ஸ்பைனோடல், அதாவது கலவை தானா ரெண்டா பிரியறதுதான் அது, ஆரம்ப நிலை ரேண்டமா இல்லாம கொசைன் அலையா குடுத்திருக்காங்க, அதனால மத்தவங்க எனர்ஜி கோட்டு மேலயே உங்க கோட்ட வச்சுப் பாக்கலாம்.