யாரும் பார்க்காமலே படத்தை நீக்கக் கேட்கலாம்: ‘டேக் இட் டவுன்’ சேவை

“அத்தை, நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள்” என்றாள். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். பதினாறு வயதுப் பெண். தன் அந்தரங்கப் படத்தைக் காட்டி முகம் தெரியாத ஒருவன் மிரட்டுவதாக முந்தின இரவுதான் சொல்லியிருந்தாள். அந்தப் படத்தை இனி இன்னொரு கண் பார்க்கக் கூடாது; அவள் கேட்டது அவ்வளவுதான்.

‘டேக் இட் டவுன்’ சேவையை நான் மனதாரப் பரிந்துரைப்பது அதனால்தான். அமெரிக்காவில் 1984 முதல் இயங்கும் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் இதை நடத்துகிறது. கட்டணம் இல்லை, பெயரும் கேட்பதில்லை. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படத்தைத் தொட்டதும் கைபேசிக்குள்ளேயே அதற்கொரு கைரேகை உருவாகிறது. ‘ஹாஷ்’ என்பார்கள், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை. மையத்துக்குப் போவது அந்த ரேகை மட்டும்தான். படம் அவள் கையிலேயே இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற பங்கேற்கும் தளங்கள் அதைத் தங்களிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தினால் நீக்குகின்றன.

ஓர் இடத்தில் திணறிப்போனோம். பயத்தில் படத்தை அழித்திருந்தாள். படம் இல்லாமல் ரேகை எடுக்க முடியாது. நல்லவேளையாக, கைபேசியில் அழித்தவை சேரும் இடத்தில் அது இன்னும் கிடந்தது. பெற்றோர்களே, “எல்லாவற்றையும் உடனே அழி” என்று பிள்ளையிடம் கத்தாதீர்கள். மிரட்டியவன் அனுப்பிய செய்திகளும் புகாருக்கு வேண்டும்.

குறைகளும் உண்டு. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி முழுக்க மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் இந்தச் சேவை எட்டாது. படத்தை வெட்டியோ திருத்தியோ மறுபடி போட்டால் ரேகை மாறிவிடலாம். பங்கேற்காத தளங்களில் தனித்தனியாகத்தான் புகார் செய்ய வேண்டும்; அப்படி ஒரு தளம் எங்களுக்குப் பதில் தர நான்கு நாள் எடுத்துக்கொண்டது. அந்த நான்கு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லாவற்றையும்விட வருத்தியது அனுப்பியபின் வரும் மௌனம். பெயரே கேட்காத சேவை யாருக்குப் பதில் எழுதும்? காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிமிடத்துக்கொரு முறை கைபேசியை எடுத்துப் பார்க்கும் குழந்தைக்கு அது புரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு படமும் அவள் நினைவுக்கு வந்தது. இந்த முறை என்னை அழைக்கவில்லை. அறைக்குள் போய்ச் சில நிமிடங்களில் திரும்பி வந்தாள். “அதையும் அனுப்பிவிட்டேன், அத்தை” என்றாள்.