டமாஸ்கஸ் கத்தி: ஐந்து மாதக் கல்யாணச் சமையலுக்குப் பிறகு

தை மாதம் ஆன்லைனில் 3,499 ரூபாய் கொடுத்து 8 அங்குல டமாஸ்கஸ் கத்தி (தகட்டில் அலை அலையாகக் கோலம் தெரியும் வகை) ஒன்று வாங்கினேன். 12,999 என்று போட்டு அதன் மேல் கோடு கிழித்திருந்தார்கள். ஆனி வரைக்கும் வீட்டிலும், கும்பகோணத்தைச் சுற்றி என் மாமா எடுக்கும் கல்யாணச் சமையல்களிலும் அதை வைத்துத்தான் காய் நறுக்கினேன். ஐந்துக்கு இரண்டு கொடுக்கலாம். விற்ற கடையின் பெயரை எழுதவில்லை, இதே கத்தி வேறு வேறு பெயரில், வேறு வேறு பெட்டியில் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்க வைத்த வீடியோக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோக்களை ஒரு வருடம் உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கத்தி என் கைக்கு வந்திருக்காது.

முதலில் கத்தி. பெட்டி அழகாக இருக்கிறது, பிடி கைக்கு அடக்கமாக இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது. வந்த அன்று தக்காளியை வெட்டினால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இரண்டு வாரம் வீட்டுச் சமையலுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணம், 400 இலை. தாராசுரம் மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் காய் வந்து இறங்கியது. நான் பெருமையாகக் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு பறங்கிக்காயில் ஆரம்பித்தேன். நாலாவது பறங்கிக்காயிலேயே கை கனக்க ஆரம்பித்துவிட்டது. சேனைக்கிழங்குக்கு வந்தபோது கத்தி வெட்டவில்லை, பிளந்தது. வெளிச்சத்தில் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, திருப்பிப் பார்த்தால் நடுவில் இரண்டு இடத்தில் பளிச்சென்று மின்னியது. நல்ல கூரான வாய் வெளிச்சத்தில் மின்னாது, மின்னினால் அங்கே மழுங்கியிருக்கிறது, இல்லையென்றால் மடங்கியிருக்கிறது. பக்கத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் அரிந்துகொண்டிருந்த அக்கா ஒரு கூடையை முடித்து அடுத்த கூடைக்குப் போய்விட்டார். மாமா வந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, அத எடுத்து வெச்சிட்டு இத புடி" என்று தன்னுடைய பட்டறைக் கத்தியைக் கொடுத்தார். அதில்தான் மீதியை முடித்தேன்.

அட்டையில் 'விஜி 10, 67 அடுக்கு, கடினம் 62' என்று அச்சடித்திருக்கிறது. விஜி 10 என்பது ஜப்பானில் டகேஃபு நிறுவனம் உருவாக்கிய எஃகு. சுமார் 1 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். அதை வைத்து ஒழுங்காகச் செய்தால், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60 பக்கம் வரும். 67 அடுக்கு என்றால் நடுவில் ஒரு விஜி 10 தகடு, இரண்டு பக்கமும் 33 அடுக்கு மெல்லிய வேறு எஃகு. காயை வெட்டுவது அந்த நடுத் தகடு மட்டும்தான், மீதி 66 அடுக்கும் அதைத் தாங்கிப் பிடிக்க, துருவிலிருந்து காக்க, கண்ணுக்கு அழகாக இருக்க. "67 அடுக்கு என்பதால் அதிகக் கூர்" என்று சொல்லும் ஒவ்வொரு வீடியோவும் இந்த இடத்தில் தப்பு. இதைத் தெரியாமல் சொல்கிறார்களா, தெரிந்தே சொல்கிறார்களா என்பது இரண்டாவது கேள்வி, கேட்கிறவன் பணம்தானே போகிறது.

என் கத்தியில் அந்த நடுத் தகடே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நடுத் தகடு வைத்து நிஜமாக அடுக்கி அடித்த கத்தியில் அலை அலையான கோலம் வாய் வரைக்கும் வராது. வாய்க்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே நடுத் தகடு கோலமே இல்லாமல் வெறும் பட்டையாகத் தெரியும். என்னுடையதில் கோலம் வாய் வரைக்கும் ஓடியது. மூன்றாவது மாதம் கம்பி நாரால் தேய்த்த இடத்தில் மங்கிப் போயிற்று. லேசரால் மேலே வரைந்த கோலம். ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி இந்த ஒரு இடத்தை மட்டும் பாருங்கள், பாதி ஏமாற்று அங்கேயே தெரிந்துவிடும்.

உறுதி செய்துகொள்ள வலங்கைமான் சாலையில் இருக்கும் ஒரு கொல்லுப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மாமாவின் கத்தி செய்த இடம். ஆசாரி ஒன்றும் பேசாமல் ஒரு அரத்தை எடுத்து, பிடிக்குப் பக்கத்தில் வாயோரம் லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். "அரம் கடிக்குது பாருங்க தம்பி. தோய்ச்சல் பத்தாது. நல்லாத் தோய்ச்ச கத்தியில அரம் வழுக்கிக்கிட்டுப் போவும்" என்றார். தோய்ச்சல் என்றால் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவது. 62 கடினம் உள்ள இரும்பில் அரம் அப்படிப் பதியவே பதியாது. ஒரு நிமிஷ வேலை. நான் ஒரு வருடமாகப் பார்த்த வீடியோக்களில் ஒருவர்கூட இதைச் செய்து காட்டவில்லை.

அதுதான் என்னுடைய பெரிய ஆற்றாமை. பன்னிரண்டு நிமிஷ வீடியோவில் ஐந்து நிமிஷம் பெட்டி பிரிப்பது. பிறகு தாளைக் கிழிப்பது, கை முடியைச் சிரைப்பது, தக்காளியைப் பிடிக்காமலே படுக்கை வாட்டில் சீவுவது, தண்ணீர் பாட்டிலை வீசி வெட்டுவது. புதுக் கத்தி எதுவாக இருந்தாலும் தாளைக் கிழிக்கும். 150 ரூபாய்க் கத்தியைச் சாணைக்கல்லில் ஒழுங்காகத் தீட்டிக் கொடுத்தால் அதுவும் கிழிக்கும். அது தீட்டினவர் கை, கத்தியின் தரத்துக்கு அதில் சாட்சி எதுவும் இல்லை. கத்தி வாய் எத்தனை நாள் நிற்கும் என்று அளக்க உலகத்தில் முறை இருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் கேட்ரா என்ற நிறுவனத்தின் இயந்திரம், மணல் துகள் கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப வெட்ட வைத்துக் கணக்கெடுக்கும். அந்த இயந்திரத்தை யாரும் வீட்டில் வாங்கி வைக்க முடியாது, சரி. அதற்குப் பதில் பத்து கிலோ சேனையை நறுக்கிவிட்டு அதே கத்தியை மறுபடி காட்டலாமே? ஒரு மாதம் கழித்து அதே கத்தியோடு இன்னொரு வீடியோ போடலாமே? போட மாட்டார்கள், அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிடும்.

பெட்டி இலவசமாக வந்ததா என்பதையும் சொல்வதில்லை. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி போட வேண்டும். நான் வாங்கும் முன் கடைசியாகப் பார்த்த நாலு வீடியோவிலும் அப்படி ஒரு வரி இல்லை. கீழே வாங்குவதற்கான இணைப்பு மட்டும் தவறாமல் இருந்தது.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. "நம் முன்னோர் கண்டுபிடித்த உருக்கு" என்று சொல்லி இந்த லேசர்க் கோலக் கத்திகளை விற்கிறார்கள். முன்னோர் கதை உண்மைதான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது இரும்பும் எஃகும் செய்த உலைகள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் மண் குகையில் (உருக்குவதற்கான மண் பாத்திரம்) வைத்து உருக்கிய எஃகு மேற்கே போய் டமாஸ்கஸ் வாளாயிற்று. ஐரோப்பாவில் அதற்கு 'வூட்ஸ்' என்று பெயர், அந்தப் பெயரே நம் பக்கத்து உருக்கு, உக்கு என்ற சொல்லிலிருந்து போனது என்றுதான் சொல்கிறார்கள். மைக்கேல் ஃபாரடே 1819-இல் அதை ஆராய்ந்து கட்டுரையே எழுதினார். ஆனால் அந்த எஃகில் தெரியும் கோலம் ஒரே கட்டிக்குள் கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த) துகள்கள் வரிசையாகப் படிவதால் உள்ளிருந்து வருவது. இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து, அமிலத்தில் தோய்த்துக் கோலத்தை வெளியே கொண்டுவருவது. அதுவும் நல்ல கைவேலைதான், குறை சொல்ல மாட்டேன். என் கத்தி இரண்டிலும் சேர்த்தி இல்லை. தகட்டின் மேல் படம் வரைந்துவிட்டு, குகையில் கரி போட்டு உருக்கினவர்கள் பெயரைச் சொல்லி விற்பது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

கத்திப் பிரியர்கள் கூடும் இடங்களில் நடப்பதும் வருத்தம்தான். புதிதாக வந்த ஒரு பெண் "ஆயிரம் ரூபாய்க்குள் காய் நறுக்க நல்ல கத்தி சொல்லுங்கள்" என்று கேட்கிறார். வருகிற பதில்கள் எல்லாம் இன்னும் பதினைந்தாயிரம் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்கிற மாதிரி. ஒருவர் கத்தியில் துரு வந்துவிட்டது என்று படம் போட்டால் அவரைத் திட்டி நூறு வரி, எப்படித் துடைப்பது என்று ஒரு வரி. கத்தி வாயை எத்தனை டிகிரி கோணத்தில் தீட்டுவது, 15-ஆ 20-ஆ என்று விடிய விடியச் சண்டை. மெல்லிய ஜப்பான் கத்திக்கு 15 டிகிரி வாக்கில், கொஞ்சம் முரட்டு வேலை செய்யும் ஜெர்மன் வகைக்கு 20 டிகிரி வாக்கில், அவ்வளவுதான் விஷயம். கடினமான எஃகு கூர்மையை அதிக நாள் தாங்கும், ஆனால் பறங்கிக்காய்க்குள் வைத்துத் திருகினால் வாய் உடையும். மென்மையான எஃகு சீக்கிரம் மடங்கும், ஆனால் உடையாது, தீட்டுவதும் சுலபம். எந்தக் காய் நறுக்கப் போகிறாய், வாரத்துக்கு ஒரு முறை கல்லில் தீட்டுவாயா என்று கேட்காமலே எஃகின் பெயரைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

சட்டத்தையும் அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், 9 அங்குலத்துக்கு மேல் கத்தி வைத்திருந்தாலே வழக்கு என்று. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற கணக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு அது பொருந்தாது என்று அதே வரியில் இருக்கிறது. அந்தப் பயமுறுத்தலைப் படித்துவிட்டு ஒரு சமையல்காரர் தன் கத்தியை வெளியூர் எடுத்துப் போகவே தயங்கினார். அரிவாளைச் சுழற்றி ரீல்ஸ் போடுகிறவர்கள் போலீஸில் மாட்டுவது வேறு கதை, அதை இதோடு குழப்பக் கூடாது.

நல்ல வீடியோக்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேச்சே இல்லாமல் கல்லும் கையும் மட்டும் காட்டி, ஒரு பக்கம் தேய்க்கும்போது மறு பக்கம் பிசிர் எழுவதை விரலால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று சொல்லித் தந்த ஒன்றிரண்டு உண்டு. எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தது அவைதான். என் கத்தியை 400 எண் சொரசொரப்புக் கல்லில் இருபது டிகிரி வாக்கில் புது வாய் வைத்து, 1000 எண் நைசான கல்லில் முடித்தேன். இப்போது வீட்டில் வெண்டைக்காய், அவரைக்காய், வெங்காயத்துக்கு வாரம் தாங்குகிறது. துருப் பிடிப்பதில்லை, எலுமிச்சம்பழம் வெட்டினாலும் கறை இல்லை. இதற்குத்தான் அந்த இரண்டு மதிப்பெண். 600 ரூபாய்க்கு விற்றிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன்.

மாமாவின் கத்தியையும் சொல்லாமல் விட முடியாது. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்தது, 350 ரூபாய். அதில் 0.6 சதவீதம் பக்கம் கார்பன் இருக்கும், குரோமியம் மிகக் குறைவு. துருப் பிடிக்காமல் இருக்கப் பத்தரை சதவீதமாவது வேண்டும். அதனால் துருப் பிடிக்கும். வாழைப்பூ நறுக்கினால் கத்தியும் கறுக்கும், பூவும் கறுக்கும், மோர்த் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாமல் வைத்தால் மறுநாள் காலை சிவப்புப் புள்ளி. ஆனால் 400 இலைக் காயை நறுக்கிவிட்டு நாலு இழுப்பு கல்லில் இழுத்தால் மறுபடி தயார். ஆசாரி தோய்ச்சல் போடுவதை நின்று பார்த்தேன். சிவக்கக் காய்ச்சிய கத்தியின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகில் இருக்கும் மிச்சச் சூடு மெல்ல இறங்கி வாய்ப்பக்கம் நிறம் ஓடி வருவதைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். வைக்கோல் நிறம் வந்த அந்த நொடியில் மறுபடி தண்ணீர். 220, 230 டிகிரி பக்கம் என்று புத்தகம் சொல்லும் இடம் அது. அவர் கண்ணுக்கு அது வைக்கோல். அதனால்தான் அந்தக் கத்தி வாயில் கடினமாகவும் முதுகில் உடையாமலும் நிற்கிறது.

முன்பெல்லாம் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் பட்டறையில் நிற்க இடம் இருக்காதாம். கருக்கரிவாள் பல் வைக்க வரிசை நிற்குமாம். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. இப்போது தேங்காய் வெட்டும் அரிவாள், வாழையிலை அறுக்கும் கத்தி, எப்போதாவது என்னைப் போல ஒரு ஆள். ஆசாரியின் கத்தியில் கோலமும் இல்லை, பெட்டியும் இல்லை, பழைய தினசரித் தாளில் சுற்றித் தருகிறார். பூண் மட்டும் கொஞ்சம் சரியாக உட்காரவில்லை, இரண்டு மாதத்தில் ஆட ஆரம்பித்தது, போய்ச் சொன்னதும் காசு வாங்காமல் இறுக்கிக் கொடுத்தார். அதற்கு அரை மதிப்பெண் குறைத்து நாலரை.

அம்மாவுக்கு ஒரு கத்தி செய்யச் சொல்லியிருக்கிறேன், ஆறு அங்குலம், பிடி கொஞ்சம் மெல்லிசாக. ஆடிப்பெருக்குக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் ஆசாரி.