பண்ணைக்குட்டையா, வெள்ளநீர்த் தேக்கமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நிலத்தில் ஓடும் மழைநீரைப் பிடிக்க இரு வழிகள். சிற்றோடைக் குட்டைக்கு உரிமம் வேண்டாம். மத்திய உள்நாட்டுப் பகுதிகளில் சராசரி ஆண்டு வழிந்தோட்டத்தில் 10 சதவீதம் வரை பிடிக்கலாம். நிலப்பரப்பை அந்த வட்டாரத்துக்கென வகுத்த எண்ணால் பெருக்கினால் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு கிடைத்துவிடும். ஓட்டை இங்கேதான்: கணக்கு குட்டையின் அளவுக்கு மட்டுமே, ஆண்டில் எத்தனை முறை நிரம்பியது என்று யாரும் எண்ணுவதில்லை.

வடக்குச் சமவெளியில் வெள்ளநீரைப் பெருந்தேக்கங்களுக்குத் திருப்புவது வேறு கதை. உரிமமும் கட்டுமான ஒப்புதலும் வேண்டும். தேக்கத்தில் அளவுமானி பொருத்தி, தகுதிபெற்றவர் சான்றளிக்க வேண்டும். செலவு கொஞ்சமல்ல. ஆனாலும் எடுத்த நீர் எண்ணாகப் பதிவாவதால், ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிக்கு இதுதான் நம்பகமானது. அதே சுமையை மாடு குடிக்கும் குட்டைமேல் ஏற்றுவதோ வீண்வேலை.